பெரிய நாய்க்கு எத்தனை சுண்டு அரிசி?

மட்டக்களப்பின் செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பி மேற்கே போனால் வாவிக்கரைத் தென்னைகள் விலகி வட்டைகள் விரியத் தொடங்கும். அந்தப் படுவான்கரை நிலத்தில், உறுகாமம், உன்னிச்சைக் குளங்களின் பக்கத்தில் இருக்கிற ஊர் கரடியனாறு. நெல்லும் மாடும் குளத்து மீனும் பிழைப்பாக இருக்கிற, இரவில் காட்டு யானை வரக்கூடிய ஓர் ஊரில் நாய் இல்லாத வளவைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இங்குள்ள நாய்களில் பெரும்பாலானவை ஊர் நாய்கள். உடம்பில் சிறியவை; பகல் முழுவதும் அலைபவை; வாடிக்கும் மாட்டுக் காலைக்கும் வீட்டுக்குமாக ஓடித் திரிபவை. இவற்றுக்கு இடையே படலையோரம் சங்கிலியில் கட்டிய பெரிய சாதி நாய் ஒன்றும் சில வளவுகளில் படுத்திருக்கும். அல்சேஷனாகவோ ரொட்வைலராகவோ லாப்ரடோராகவோ இருக்கலாம். இவற்றில் ஏதோ ஒன்றின் கலப்பாகவும் இருக்கலாம். கடிக்கும் என்ற பயத்தில் பகலில் அதை அவிழ்ப்பதில்லை. இரவில் அவிழ்த்தாலும் வேலிக்குள்தான் உலாத்தல். அதற்கு நாளொன்றுக்கு எவ்வளவு சாப்பாடு வைப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. வீடுகள் இதற்குச் சொல்லும் பதில் ஏறத்தாழ ஒன்றுதான்: நாய் பெரிது, ஆகவே சட்டியும் பெரிது. என் வாதம் இதற்கு எதிரானது. உருவத்தைப் பார்த்து அளந்த சாப்பாடு இரண்டு முறை பிழைக்கிறது. உடம்பு பெருக்கும் அளவுக்குத் தேவை பெருகுவதில்லை என்பது ஒரு பிழை. பெருகிய அந்தக் கொஞ்சத்திலும் ஒரு பகுதியைச் சங்கிலி திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பது மற்றது.

முதல் பிழையைக் கண்டுபிடிக்க உதவியவையும் நாய்கள்தான். 1883இல் ஜேர்மனிய உடலியங்கியலாளர் மக்ஸ் ரூப்னர் சிறிதும் பெரிதுமான நாய்கள் ஒவ்வொன்றும் நாளுக்கு எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்று அளந்து வெளியிட்டார். ஏறத்தாழ 31 கிலோ நிறையுள்ள நாய் தன் ஒவ்வொரு கிலோவுக்கும் 36 கலோரி அளவில் செலவழித்தது. 3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட குட்டை நாயோ கிலோவுக்கு 88 கலோரி செலவழித்தது. (கலோரி என்று இங்கே எழுதுவதெல்லாம் உணவுப் பொதிகளில் அச்சிடும் கிலோகலோரியே.) உடம்பின் வெப்பம் தோல் வழியே போகிறது, சிறிய உடம்புக்கு நிறையோடு ஒப்பிட்டால் தோல் அதிகம், அதனால் அது வேகமாக எரிக்கவேண்டியிருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். சுவிற்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய மக்ஸ் கிளைபர் 1932இல் பறவை முதல் காளை மாடு வரை கிடைத்த அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். தோலின் பரப்பைவிட நிறையின் முக்கால் அடுக்கு அவற்றோடு நன்றாகப் பொருந்தியது. உயிரியலில் இவ்வளவு நாள் நின்ற விதிகள் அதிகம் இல்லை. முக்கால் அடுக்கு என்றவுடன் பயப்படத் தேவையில்லை. கைபேசியிலுள்ள கணிப்பான் போதும்: நாயின் நிறையைக் கிலோவில் எடுத்து அதே எண்ணால் இரண்டு முறை பெருக்கி, வருவதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் ஆயிற்று. 45 கிலோ நாய்க்கு 91,125 வரும். முதல் வர்க்கமூலம் ஏறத்தாழ 302, இரண்டாவது 17.4. இதை 70ஆல் பெருக்கினால் நாய் சும்மா மூச்சுவிட்டுக்கொண்டு கிடப்பதற்கு வேண்டிய கலோரி கிடைக்கும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2006இல் வெளியிட்ட நாய், பூனை ஊட்டத் தேவைகள் பற்றிய அறிக்கை, ஓடியாடும் வீட்டு நாய்க்கு 130ஆலும் அசையாத வீட்டு நாய்க்கு 95ஆலும் பெருக்கச் சொல்கிறது.

இந்த இரண்டு எண்களையும் கரடியனாற்று வளவுக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். அலைந்து திரியும் 15 கிலோ ஊர் நாய்க்கு 130 கணக்கில் நாளுக்கு 990 கலோரி வருகிறது. கட்டிக் கிடக்கும் 45 கிலோ நாய்க்கு 95 கணக்கில் 1,650. நிறை மூன்று மடங்கு. சாப்பாடோ ஒன்றேமுக்கால் மடங்குகூட இல்லை. அரிசிச் சுண்டு ஒன்று ஏறத்தாழ 200 கிராம் கொள்ளும் என்று வைத்தால் (வீட்டுக்கு வீடு பேணி மாறும், ஒரு தடவை நிறுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது) அதில் 720 கலோரி அளவில் இருக்கும். பெரிய நாயின் முழுத் தேவையையும் அரிசியிலேயே கொடுத்தாலும் இரண்டேகால் சுண்டோடு முடிந்துவிடுகிறது. ஊர் நாய்க்கு வைப்பதை மூன்றால் பெருக்கி வைக்கிற வீட்டிலோ நாலு சுண்டுக்கு மேல் அவிந்துகொண்டிருக்கும். அந்த வீட்டார் நாயை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் அல்லர். நியாயமாக நடக்கப் பார்த்தவர்கள். மூன்று நாயளவு உடம்புக்கு மூன்று நாயின் சோறு என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும். கிளைபரின் முக்கால் அடுக்கு எலிக்கும் மாட்டுக்கும் இடையே போட்ட கோடு. ஒரே இனத்துக்குள், அதாவது நாய்க்கும் நாய்க்கும் இடையே, மூன்றில் இரண்டு அடுக்கே பொருத்தம் என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் நம் கேள்விக்கு அது தீரவேண்டியதில்லை. எந்தப் பக்கம் வென்றாலும் அடுக்கு ஒன்றுக்குக் கீழேதான் இருக்கிறது. மூன்றில் இரண்டு என்று எடுத்தால் பெரிய நாயின் பங்கு இன்னும் சுருங்குமே தவிரக் கூடாது. இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. அதே 2006 அறிக்கையின்படி, ஆய்வுகூடத்தில் வளர்ந்த கிரேட் டேன் நாய்களுக்கான பெருக்கெண் 200. அங்கேயே வளர்ந்த நியூபவுண்ட்லாந்து நாய்களுக்கு அது 105. இரண்டும் மலைபோன்ற சாதிகள். 60 கிலோவில் இரண்டையும் நிறுத்திக் கணக்கிட்டால் ஒன்றுக்கு 4,300 கலோரியும் மற்றதற்கு 2,260 கலோரியும் வருகின்றன. ஒரே சாதிக்குள், ஏன் ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள்கூட, தேவை சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலும் கீழுமாக விலகுவது சாதாரணம். பிறகு சூத்திரத்தால் என்ன பயன்? ஆரம்பத்தைத் தவிர வேறு பயனில்லை என்பதே நேர்மையான பதில். இரண்டேகால் சுண்டா நாலு சுண்டா என்ற இடத்தில் அது நம்மைக் காப்பாற்றும். இரண்டேகாலா ஒன்றேமுக்காலா என்ற இடத்தில் அதற்கு எதுவும் தெரியாது. சிக்கல் என்னவென்றால் நாய் கொழுப்பதும் மெலிவதும் அந்த இரண்டாவது இடைவெளிக்குள்தான். நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 165 கலோரி கூடினால் அது இரண்டு கைப்பிடிச் சோறு. வருடம் முழுக்கச் சேர்ந்தால் 60,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி அளவில் அடங்கும் என்பதால் கடதாசிக் கணக்கில் ஏழு கிலோவுக்கு மேல் ஏறவேண்டும். உடம்பு பெருக்கப் பெருக்க அதன் செலவும் கூடுவதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. பாதி ஏறினாலும் முழங்கால்கள் அதைச் சுமந்தாகவேண்டும்.

சங்கிலிக்கு வருவோம். கட்டிய நாய்க்குத் தினமும் கொஞ்சம் நடை கொடுத்தால் சாப்பாட்டைக் குறைக்கத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நடை நல்லது, மூட்டுக்கும் தசைக்கும் மனத்துக்கும் வேண்டியது. ஆனால் கலோரிக் கணக்கில் அது சில்லறைக் காசு. தரையில் நடக்கும் நாய், தன் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும், போகும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவழிக்கிறது. 45 கிலோ நாயை வட்டை வரம்பில் 3 கிலோமீற்றர் நடத்திக் கூட்டிவந்தால் 135 கலோரி. அதாவது நூறு கிராம் சோறு. வந்ததும் பாவம் களைத்துவிட்டது என்று ஒரு அகப்பை கூடப் போட்டால் போட்டவருக்கே நட்டம். அலையும் ஊர் நாய்க்கும் கட்டிய நாய்க்கும் உள்ள வித்தியாசம் ஒரு நடையில் வருவதல்ல. பகலெல்லாம் எழும்பி, நின்று, குரைத்து, துரத்தி, திரும்பிவருகிற அந்தச் சின்னச் சின்னச் செலவுகளின் கூட்டில் வருவது. மட்டக்களப்பின் வெக்கையையும் இதோடு சேர்க்கவேண்டும். குளிர் நாடுகளில் வெளியே கிடக்கும் நாய் தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே தீன் எரிக்கிறது. அலாஸ்காவின் பனிச்சறுக்கு வண்டி ஓட்டப் பந்தயத்தில் இழுக்கும் நாய்கள் நாளுக்குப் பத்தாயிரம் கலோரியை எட்டுவதற்கு ஓட்டத்தோடு குளிரும் ஒரு காரணம். இங்கே இரவின் குளிர்கூட நாயின் உடம்புக்கு இதமான எல்லைக்குள்தான் நிற்கிறது, சூடாக்கும் செலவே கிடையாது. மே, ஜூனில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பெரிய நாய் நாக்கைத் தொங்கப்போட்டு நிழலை விட்டு நகராது. அந்த மாதங்களில் சாப்பாட்டில் மிச்சம் வைத்தால் அது நோயின் குறியாக இருக்கவேண்டியதில்லை, உடம்பு தன் கணக்கைச் சரியாகப் போடுகிறது என்றும் அர்த்தம் கொள்ளலாம். மிச்சம் வைத்ததே என்று பாலாணம் ஊற்றி ஆசைகாட்டி ஊட்டுவதுதான் அந்தக் கணக்கைக் குழப்புகிறது. கொழுத்த நாய்க்கு இதே வெக்கை ஆபத்தாகவும் மாறும். கொழுப்புப் போர்வைக்குள்ளிருந்து வெப்பத்தை வெளியேற்ற அதற்கு முக்கியமாக இருப்பது இளைப்புத்தான்.

கொஞ்சம் கொழுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு நல்ல பதில் ஒரு நாய்த்தீன் கம்பனியிடமிருந்தே வந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. பியூரினா 1987இல் தொடங்கிய ஆய்வில் 48 லாப்ரடோர்கள், ஒரே ஈற்றுக் குட்டிகளாக இருபத்துநான்கு சோடிகள். சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைத்து, வாழ்நாள் முழுக்க அதே தீனைக் கொடுத்தார்கள். கடைசி நாய் சாகும்வரை 14 வருடம் பொறுத்திருந்து 2002இல் வெளியான முடிவு இது: நிறையச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 வருடம், குறைத்துச் சாப்பிட்டவற்றுக்கு 13.0 வருடம். மூட்டுவாதத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் கிட்டத்தட்ட மூன்று வருடம் தள்ளிப்போனது. கவனிக்கவேண்டியது, நிறையச் சாப்பிட்ட கூட்டம் உருண்டு திரண்ட நாய்களின் கூட்டமல்ல. ஒன்பது படி கொண்ட உடல்நிலை அளவுகோலில் அவை சராசரியாக ஏழைக்கூட எட்டவில்லை. ஊரில் நல்ல வாட்டசாட்டமான நாய் என்று நாம் பாராட்டும் படி அது. குறைத்துச் சாப்பிட்டவை ஐந்துக்குச் சற்றுக் கீழே நின்றன.

இது ஒரு சாதி, ஒரு கொட்டில், ஒரு நாடு என்று தள்ளிவிட முடியுமா? 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு, அமெரிக்காவில் விலங்கு வைத்தியசாலைகளுக்கு வந்த ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீட்டு நாய்களின் பதிவுகளைப் பன்னிரண்டு சாதிகளில் பார்த்தது. பன்னிரண்டிலும் கொழுத்தவை முந்திச் செத்தன. ஆனால் எவ்வளவு முந்தி என்பதில் பெரிய வேறுபாடு. யோர்க்ஷயர் டெரியர் என்ற பொடி நாயில் இரண்டரை வருடம். அல்சேஷன் ஆண் நாயிலோ ஐந்து மாதம் மட்டும். நான் சொல்வதற்கு இது அவ்வளவு தோதான எண் அல்ல. பெரிய நாய்க்கு ஆயுளில் போகும் பங்கு குறைவு என்றே இது சொல்வதுபோல இருக்கிறது. பெரிய சாதிகள் ஏற்கெனவே குறைந்த காலம் வாழ்பவை என்பது ஒருபுறம் இருக்க, கட்டிய பெரிய நாய்க்கு ஆயுளின் நீளத்தைவிட எழும்பி நிற்க முடிகிற வருடங்கள் எத்தனை என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். 10 கிலோ நாய்க்கு இடுப்பு மூட்டுப் போனால் தூக்கிக் கொண்டுபோய் வெளியே விடலாம். 45 கிலோ நாயை யார் தூக்குவது? படுவான்கரையிலிருந்து கால்நடை வைத்தியரிடம் அதை ஏற்றிப்போவதே ஒரு நாள் வேலை. குட்டியாக இருக்கும்போதே இந்த மூட்டுச் சிக்கல் தொடங்குகிறது. 1974இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு விரும்பிய மட்டும் சாப்பாடு கொடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் கொடுத்த குட்டிகளைவிட எலும்புக் கோளாறுகள் அவற்றில் அதிகமாகவும் மோசமாகவும் வந்தன. பெரிய சாதிக் குட்டியை வேகமாக வளர்த்துக் காட்டுவதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

ஆகவே அளவைச் சொல்வது எது? சூத்திரம் வாசலைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப்பின் நாயின் விலா எலும்பைத்தான் கேட்கவேண்டும். கையை முஷ்டியாக மடித்து மறு கையின் விரல்களால் மொளியின் மேல் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் மெலிந்துவிட்டது. கையை விரித்து, புறங்கையில் விரலெலும்புகளைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். சரியான நாயின் விலா அப்படித்தான் இருக்கவேண்டும். உள்ளங்கையின் சதைமேட்டில் அழுத்தித் தேடினால்தான் எலும்பு தெரிவதுபோல விலாவையும் தேடவேண்டியிருந்தால் கூடிப்போயிற்று. மேலே நின்று பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடை ஒடுங்கவேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேறவேண்டும். சடை நாயில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. இது வீட்டுக்காரர் தன் மனம்போல் சொல்கிற அபிப்பிராயமல்லவா என்று கேட்கலாம். ஓரளவு ஆம். தினம் பார்க்கும் கண்ணுக்குத் தன் நாய் எப்போதும் அளவாகத்தான் தெரியும். அதனால் ஒரு எண்ணும் கூடவே வேண்டும். நெல் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை: மூடை நிறுக்கும் மேடைத் தராசில் பெரிய நாயும் நிற்கும். மாதம் ஒருமுறை நிறுத்து நாட்காட்டியில் எழுதினால் போதும். தராசு இல்லாத மாதத்தில் கடைசி விலாவுக்குப் பின்னால் ஒரு கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்து, அடுத்த மாதம் அதே கயிற்றைச் சுற்றிப் பார்க்கலாம். கழுத்துப் பட்டியின் துளையை நம்பவேண்டாம்; கழுத்து பிந்தித்தான் சொல்லும்.

நாய் கேட்கிறதே என்பது அடுத்த மறுப்பு, எல்லாவற்றிலும் வலிமையானதும் அதுதான். சட்டியை நக்கிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிற நாயிடம் கிளைபரின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? படுவான்கரைக்குப் பசி என்னவென்று தெரியும். 2007இல் போரில் வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓடிய ஊர்கள் இவை. வாயில்லாச் சீவனைப் பசிக்க விடுவது பாவம் என்ற எண்ணத்தைக் கேலி செய்கிற எழுத்தை நான் மதிப்பதில்லை. ஆனால் கேட்பதும் பசிப்பதும் ஒன்றல்ல, பசிப்பதும் தேவைப்படுவதும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2016இல் கேம்பிரிட்ஜில் எலினோர் ரஃபனின் குழு, லாப்ரடோர்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் சிறு துண்டு அறுந்திருப்பதைக் கண்டது. பொம்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மரபணு, வயிறு நிறைந்தது என்ற செய்தியை மூளையில் உண்டாக்க உதவுவது. 2024இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: துண்டு அறுந்த நாய்களுக்குச் சாப்பாடுகளுக்கு இடையே கூடுதலாகப் பசிக்கிறது, சும்மா கிடக்கும்போது அவை கால்பங்கு குறைவாகவும் எரிக்கின்றன. தேவை குறைந்த நாயே அதிகம் கேட்கும் நாயாக இருக்கிறது. அதன் பசி நடிப்பல்ல, உண்மையானது. ஆனால் சட்டியின் அளவைச் சொல்லத் தகுந்த சாட்சியல்ல. அந்தப் பசிக்குச் செய்யக்கூடியது உண்டு. அவித்த பூசணி, கீரைத்தண்டு, வெள்ளரிக்காய் எல்லாம் சட்டியை நிரப்பும், கலோரி கொஞ்சம்தான். வெங்காயம் மட்டும் கூடாது; சின்ன வெங்காயமோ பெரிய வெங்காயமோ, அவித்ததோ பச்சையோ, நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். வீட்டுக் கறியின் அடிமண்டியை அப்படியே நாய்க்கு வழிக்கும் பழக்கத்தில் உறைப்பைவிட இதுதான் எனக்குக் கவலை.

சோறே நாய்க்கு உணவல்ல, அது ஓநாயின் வாரிசு, இறைச்சிதான் தின்னவேண்டும் என்ற குரலும் இப்போது படுவான்கரை வரை வந்திருக்கிறது. இதற்குச் சுவீடனின் எரிக் அக்செல்சனும் கூட்டாளிகளும் 2013இல் தந்த பதில் போதும். மாப்பொருளைச் சிதைக்கும் அமிலேசை உண்டாக்கும் மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகளாகவே உள்ளது. நாய்களில் நாலிலிருந்து முப்பது வரை. மனிதன் பயிரிடத் தொடங்கியபின் அவன் வாசலில் கிடந்த நாய் அவன் உலையோடு சேர்ந்தே மாறியிருக்கிறது. நன்றாக அவித்த சோற்றை நாய் ஏறத்தாழ முழுவதுமாகச் செரிக்கும்.

உண்மையில் சோற்றின் குற்றம் வேறு. அசையாத நாய்க்கு எரிபொருள்தான் குறைவாக வேண்டும். தசையையும் தோலையும் எலும்பையும் பழுதுபார்க்கும் புரதமும் கல்சியமும் ஓடுகிற நாய்க்கு எவ்வளவோ, கட்டிய நாய்க்கும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். 38 கிலோவில் நிற்கவேண்டிய நாயை எடுத்துக்கொள்வோம். அசையாத கணக்கில் அதற்கு நாளுக்கு 1,450 கலோரி, புரதம் 50 கிராம் அளவில், கல்சியம் 2 கிராம். முழுவதையும் சோற்றில் கொடுத்தால் 1,100 கிராம் சோறு; அதில் புரதம் 30 கிராம்தான், கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். இனி இந்த நாய் கொழுத்துவிட்டது என்று அதே சோற்றில் கால்பங்கைக் குறைத்தால் புரதம் 22 கிராமுக்கு இறங்கும். கொழுப்போடு தசையும் கரையும்; தசை கரைந்த நாய் இன்னும் குறைவாக எரிக்கும்; ஆறு மாதத்தில் அந்த வீட்டார், குறைத்துப் பார்த்தோம் சரிவரவில்லை, நாய் சோர்ந்துபோயிற்று என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. குறைத்ததில் பிழையில்லை, குறைத்த பொருளில்தான் பிழை. சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டவேண்டும். ஒரு சுண்டு அரிசி அவித்தால் வரும் 600 கிராம் அளவு சோறு, குளத்துத் திலாப்பியாவில் முள் நீக்கிய சதை 300 கிராம், ஒரு முட்டை, இரண்டு பிடி பூசணி, ஒரு மேசைக்கரண்டிக்குக் குறைவான எண்ணெய்: கலோரி 1,300க்கு உள்ளே நிற்கும், புரதம் 80 கிராமைத் தாண்டும். முட்டைக் கோதைக் காயவைத்து மாவாக இடித்தால் ஒரு கோதில் நாயின் ஒரு நாளைக் கல்சியம் இருக்கிறது. மிஞ்சுகிற 150 கலோரி, பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல் போடும் பிஸ்கட்டுக்கும் வீட்டார் சாப்பிட்ட கோப்பையில் மிஞ்சியதற்கும் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்காவிட்டாலும் அவை உள்ளேதான் போகும். கருவாடு போட்டால் ஒரு கொதி அவித்து உப்புத் தண்ணியை ஊற்றிவிடவேண்டும். இது மருந்துச் சீட்டல்ல. நாகம், விற்றமின் எல்லாம் வருடக்கணக்கில் சரியாகப் போகின்றனவா என்று அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளவேண்டும்.

கடைத் தீன் வாங்கும் வீட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. புரதமும் கனிமமும் பொதிக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே சிக்கல் பொதியின் பின்பக்க அட்டவணை. அது பெரும்பாலும் ஓடியாடும் நாயை மனதில் வைத்தே எழுதப்படுகிறது. கட்டிய நாய்க்கு அந்த எண்ணை உச்ச வரம்பாக வைத்து, அதிலிருந்து கால்பங்கு கீழே தொடங்குவது பாதுகாப்பு. பொதியோ சோறோ, அன்றைய முழு அளவையும் இரவில் ஒரே தடவையில் கொட்டுவது பெரிய நாய்க்கு நல்லதல்ல. ஆழ்ந்த மார்புள்ள பெரிய சாதிகளில் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்வதுண்டு. சில மணி நேரத்தில் கொல்லும். பேர்டியூ பல்கலைக்கழகத்தினர் பெரிய நாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தபோது, ஒரே வேளையில் பெருந்தொகையாகச் சாப்பிடும் நாய்களிலும் அவதிப்பட்டு விழுங்கும் நாய்களிலும் இது கூடுதலாக இருந்தது. காலை ஒரு பங்கு, மாலை ஒரு பங்கு என்று பிரித்தால் செலவு ஒன்றும் கூடாது.

ஏற்கெனவே கொழுத்த நாயில் கணக்கை எங்கே தொடங்குவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். தராசு காட்டும் நிறையைச் சூத்திரத்தில் போட்டால் அது கொழுப்புக்கும் சேர்த்துச் சோறு போடும். நாய் எந்த நிறையில் நிற்கவேண்டுமோ அதைப் போடவேண்டும். அளவுகோலில் ஐந்துக்கு மேலே ஒவ்வொரு படியும் ஏறத்தாழ பத்து வீதம் கூடுதல் நிறை என்பது பொது வழக்கு. அங்கிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, கிழமைக்கு நிறையில் ஒரு வீதம், மிஞ்சினால் இரண்டு வீதம் இறங்குமாறு பார்த்தால் போதும். அதைவிட வேகம் தசையைத் தின்னும். கருத்தடை செய்த நாய்க்குத் தொடக்கமே இன்னும் கீழே. 2006க்குப் பிறகு தெருநாய்களைக் கொல்வதைக் கைவிட்டு விசர்நாய்த் தடுப்பூசியையும் கருத்தடையையும் நாடு நம்பத் தொடங்கியதில் கரடியனாறு போன்ற ஊர்களிலும் அறுவை செய்த நாய்கள் பெருகுகின்றன. அறுவைக்குப் பின் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய சட்டியை அப்படியே தொடர்ந்தால் ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும். அளந்து குறைத்தும் இரண்டு மாதமாக நிறை அசையாமல், நாய் குளிர்ந்து மந்தமாகி முடி கொட்டினால் குற்றம் சட்டியில் இருக்காது. தைரொயிட் சுரப்பியைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

காவல் நாய் மெலிந்தால் கள்ளனுக்குப் பயமிராது என்பார்கள். புறங்கையளவு விலா உள்ள நாய் மெலிந்த நாயல்ல. படலை திறக்கும் சத்தத்துக்கு முதலில் எழும்பி நிற்பதும் அதுதான். வயது ஏறும்போதுதான் இந்தக் கணக்கு மெல்லத் திரும்புகிறது. ஏழெட்டு வயது வரை கட்டிய பெரிய நாய்க்குத் தேவை கீழே கீழே போகும், சோற்றையும் அதோடு இறக்கிக்கொண்டு வரலாம். ஆனால் பத்து வயதுக்கிட்ட ஒரு நாயின் கயிற்று முடிச்சு, யாரும் சட்டியைத் தொடாமலே, தானாகத் தளரத் தொடங்கினால் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பல், சிறுநீரகம், புற்று என்று பார்க்கவேண்டியவை பல; அதுவரை மீனைக் குறைக்காமல், சோற்றுக்குள் இன்னொரு முட்டையையும் உடைத்து ஊற்றவேண்டியதுதான்.